காலுக்குள்ளும் ஒரு ஃபுட் வால்வு

தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்று முடிவானதும், மாப்பிள்ளை வீட்டார் சடங்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பந்தக்கால், நலங்கு, மாலை மாற்றுவது என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த பெரியக்கா, ‘பாதபூஜை’ என்ற சொல் வந்ததும் சேலையின் ஓரத்தைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

பாதபூஜை என்றால் பெற்றவர்கள் மேடையில் உட்கார்ந்து தாம்பாளத்தில் காலை வைக்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப்போட்டு வணங்குவார்கள். வீடியோ எடுப்பவர் விளக்கைக் காலுக்கு நேராகப் பிடிப்பார். சேலை நனையாமல் இருக்கக் கொஞ்சம் தூக்கித்தான் ஆக வேண்டும்.

காவிரிக் கடைமடையில் ஒரு கிராமம். அங்கே நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டி வருபவர் அவர். அவர் கையில் 12 பெண்கள். வயதில் மூத்தவர்களைத் தவிர எல்லோருக்கும் அவர் ‘பெரியக்கா’தான். வயது 48. பதினைந்து வயதில் நாற்று முடிச்சைப் பிடித்தவர், இன்றுவரை விடவில்லை.

அவருடைய கால்களில் இரண்டு விதமான கோளாறு இருந்தது. இடது காலில், தொடையிலும் முழங்காலைச் சுற்றியும், சிலந்தி வலை மாதிரி ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள். வலது காலில், முழங்காலுக்கு உட்பக்கத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகக் கணுக்கால் வரை, கயிறு முறுக்கியதுபோல் புடைத்த நரம்பு. அதன் அடியில் கணுக்காலைச் சுற்றியும் மெல்லிய கோடுகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. “நடவுக்காரி காலுன்னா அப்படித்தான் இருக்கும்” என்று மாமியார் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

ஆனால் வயலில் இறங்கும்போது மற்றவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வார்கள்; பெரியக்கா மட்டும் உள்ளே வீட்டுக்காரரின் பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொள்வார். “அட்டை கடிக்குதுடி” என்று காரணம் சொல்வார். இப்படியே பல வருஷம் போயிற்று.

நோட்டீஸில் பார்த்த ஊசி

ஆடி மாதம் குறுவை நடவு முடிந்து கையில் கொஞ்சம் காசு இருந்த நேரம். டவுன் பேருந்து நிலையத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கத்தியில்லை, தையலில்லை, படுக்கையில்லை, ஊசியிலேயே கால் நரம்பு மறைந்துவிடும் என்று போட்டிருந்தது. பாத்திரம் எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மகளிர் குழுவில் வாங்கிய கடனிலிருந்து 12,000 ரூபாயோடு அங்கே போனார்.

உட்கார வைத்துக் காலைப் பார்த்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்கவில்லை. மெல்லிய கோடுகளிலும், புடைத்த நரம்பிலும், இரண்டு தடவையாக ஊசி போட்டு அனுப்பினார்கள்.

இடது காலில் ஊசி போட்ட இடமெல்லாம் முதலில் கன்றிப்போய் இன்னும் மோசமாகத் தெரிந்தது. பிறகு ஒன்றரை மாதத்தில் பாதிக்கு மேல் மங்கி மறைந்தது. பெரியக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலது காலில் நடந்ததோ வேறு. புடைத்த நரம்பு கயிறுபோல் இறுகிச் சிவந்து, இரண்டு வாரம் தொடவிடாமல் வலித்தது. வலி போனதும் அந்த வழியெல்லாம் பழுப்பு நிறத்தில் ஒரு தழும்பு. புரட்டாசியில் சம்பா நடவுக்கு இறங்கி நாலு நாள் நின்றதும், தழும்புக்குப் பக்கத்திலேயே பழையபடி நரம்பு புடைத்துக்கொண்டது. போன் செய்து கேட்டார். இன்னும் இரண்டு ஊசி போட வேண்டும், அதற்குத் தனிப் பணம் என்று பதில் வந்தது.

அன்று ராத்திரிதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது.

“வயசான காலத்துல காலுக்கு அழகு கேக்குதா?” என்றார் அவர்.

பெரியக்கா அழவில்லை. “பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிறீங்களே, அது எதுக்காம்? மாடு கேட்டுச்சா?” என்றார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

சாணித் தண்ணீர் எத்தனை நாளைக்கு?

அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வந்தது. வடிகால் வாய்க்காலில் ஆயில் இன்ஜினை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். ஃபுட் வால்வு கசிந்தது. இன்ஜினை நிறுத்தினால் குழாயில் ஏறிய தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் குடம் குடமாக ஊற்றித்தான் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் செய்வதுபோல அவரும் சாணியைக் கரைத்து ஊற்றினார். அன்றைக்கு நின்றது. மறுநாள் பழையபடி கசிந்தது. மூன்றாம் நாள் குழாயைத் தூக்கி ஃபுட் வால்வைக் கழற்றினார். உள்ளே இருந்த வாஷர் தேய்ந்து ஓரம் மடங்கியிருந்தது. புது வாஷர் போட்டார், சரியாகிவிட்டது.

ஐப்பசியில் இருவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார்கள். பெரியக்காவை வரச் சொல்லி வற்புறுத்தியது மகள்தான். அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா முதலில் சொன்னது, “கொஞ்சம் எழுந்து நில்லுங்கம்மா” என்பதுதான். படுத்தால் இந்த நரம்பு வடிந்துவிடும். நின்றால்தான் உண்மை தெரியும்.

நிற்க வைத்தே டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். தொடையில் கருவியை வைத்துக்கொண்டு, டாக்டரம்மா கெண்டைக்கால் சதையைக் கையால் அமுக்கினார். திரையில் ரத்தம் மேலே போவது நீல நிறத்தில் தெரிந்தது. கையை விட்டதும் அது அப்படியே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சிவப்பாக மாறி, ‘உஸ்’ என்ற சத்தத்தோடு கீழே வழிந்தது. அரை நொடிக்கு மேல் இப்படித் திரும்பி வழிந்தால் வால்வு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பெரியக்காவுக்கு இரண்டு நொடிக்கு மேலேயே வழிந்தது.

“நாம நரம்புன்னு சொல்றோம். ஆனா வலி, உணர்ச்சி தெரியிற நரம்பு வேற. இது ரத்தக்குழாய். இதயத்திலேருந்து காலுக்கு இறங்கின ரத்தத்தை மேல கொண்டுபோற குழாய். இதுக்குச் சிரைன்னு பேரு. பாதத்திலேருந்து நெஞ்சு வரைக்கும் ரத்தம் மேல ஏறணும் இல்லையா? கெண்டைக்கால் சதைதான் பம்ப். நடக்கும்போது அது அமுக்கி ரத்தத்தை மேல தள்ளுது. தள்ளின ரத்தம் கீழ இறங்காம இருக்கக் குழாய்க்குள்ள அங்கங்க சின்னக் கதவு மாதிரி...”

“ஃபுட் வால்வு” என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதேதான் ஐயா. அம்மாவுக்குத் தொடை இடுக்குல இருக்கிற வால்வு கசியுது. மேலேருந்து ரத்தம் கீழ வழிஞ்சுக்கிட்டே இருக்கு. அந்த பாரம் தாங்காம கீழ இருக்கிற கிளைக்குழாய் புடைச்சுக்கிட்டு நிக்குது. மேல கசிவை அடைக்காம, கீழ புடைச்ச இடத்துல மட்டும் ஊசி போட்டா...”

“சாணித் தண்ணி ஊத்தின மாதிரி” என்று முடித்தார் அவர். பிறகு பெரியக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

இந்த வால்வுகளைப் பற்றி இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபேப்ரிசியஸ் 1603-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் அவை எதற்கு இருக்கின்றன என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, ரத்தம் இதயத்தை நோக்கி ஒரே பக்கமாகப் போவதற்குத்தான் இந்த வால்வுகள் என்று 1628-இல் விளக்கினார். பம்புசெட் வருவதற்கு வெகு காலம் முந்திய கதை அது.

ஊசி என்ன செய்கிறது?

நோட்டீஸில் இருந்த ஊசி பொய் வைத்தியம் இல்லை. அதற்கு ஸ்க்லீரோதெரபி என்று பெயர். பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் போன்ற மருந்தை மிக மெல்லிய ஊசியால் குழாய்க்குள் செலுத்துவார்கள். அது குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும். இரண்டு பக்கச் சுவரும் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் போகாத அந்தக் குழாயை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பயன்படாத கன்னி வாய்க்காலை அடைத்துவிட்டால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் போவதுபோல, ரத்தம் நல்ல குழாய் வழியாகப் போகும். காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை ஏற்றுவது சதைக்குள் ஆழத்தில் இருக்கும் குழாய்கள்தான். அவை நன்றாக இருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்த்துக்கொண்ட பிறகே மேலே இருப்பதை மூட வேண்டும்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிலந்தி வலைக் கோடுகளுக்கு இந்த ஊசி நல்ல வைத்தியம். மயக்க மருந்து வேண்டாம்; போட்டவுடன் நடக்கலாம். ஆனால் ஒரே தடவையில் முடியாது. சில வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தேவைப்படும். மெல்லிய கோடு மறைய மூன்று முதல் ஆறு வாரமும், கொஞ்சம் பெரியதற்கு மூன்று நான்கு மாதமும் ஆகும். சிலருக்குப் பழுப்புத் தழும்பு விழும். பெரும்பாலும் மாதக்கணக்கில் மங்கும், சிலருக்கு நிரந்தரமாகவும் நிற்கும். மருந்து வெளியே கசிந்தால் புண் வரலாம். ஒவ்வாமையும் ரத்தக்கட்டும் அரிது, ஆனால் வரக்கூடியவைதான். நின்றால் 3 மில்லிமீட்டருக்கு மேல் புடைக்கும் குழாய் என்றால், முதலில் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் வால்வைத்தான்.

டாக்டரம்மா இன்னொன்றையும் காட்டினார். வலது கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்கு மேலே, தோல் கருத்துத் தடித்திருந்தது. அரிப்பு இருந்த இடம். “ஊசித் தழும்பு இல்லம்மா இது. ரத்தம் தேங்கித் தேங்கித் தோல் கெட்டுப்போற இடம். இப்படியே விட்டா இங்கதான் புண்ணு வரும். வந்தா லேசுல ஆறாது.”

பெரியக்காவுக்கு அவருடைய அம்மா ஞாபகம் வந்தது. அதே காலில், அதே இடத்தில், வருஷக்கணக்கில் ஆறாத புண். பச்சிலை அரைத்துக் கட்டி, துணி சுற்றி, ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு திண்ணையிலேயே கிடந்தவர். கடைசி வரை வயலுக்கு இறங்கவில்லை. அதைச் செய்வினை என்று ஊரில் சொன்னார்கள். குடும்பத்தில் இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது பெரியக்காவால் உடனே பேச முடியவில்லை. இந்தக் கோளாறு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அதோடு பிரசவங்களும், நாளெல்லாம் நின்று செய்யும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் எது, பிறகு எது?

“தைக்குள்ள எல்லாம் மறைஞ்சிடுமா?” என்று கேட்டார் பெரியக்கா.

“மறையாதும்மா. முதல்ல கசிவை அடைக்கணும். மத்தது அப்புறம்.”

பெரியக்கா ஒரு நாள் யோசித்தார். அவர் கேட்டு வந்தது பாதபூஜைக்கு அழகான கால். கிடைப்பது அடுத்த இருபது வருஷத்துக்கு நடக்கிற கால். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்காது என்றானதும், அம்மாவை நினைத்துக்கொண்டு சரி என்றார்.

சம்பா நடவு முழுவதும் முடிந்த பிறகு, கார்த்திகையில் சேர்ந்தார். தொடையை மட்டும் மரக்க வைத்து, முழங்கால் அருகே ஊசித்துளை வழியாக மெல்லிய கம்பி போன்ற குழாயை விட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே சூட்டால் அந்தக் கெட்ட சிரையை மூடினார்கள். லேசரிலும் செய்வார்கள், ரேடியோ அலையிலும் செய்வார்கள். அன்றைக்கே நடக்க வைத்தார்கள். மறுநாள் வீடு.

பிறகு இறுக்கமான காலுறை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும். ராத்திரி கழற்ற வேண்டும். முதல் நாள் அதை மாட்டுவதற்குள் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வியர்த்துவிட்டது. “வைக்கோல் கட்டுறதுகூட இதைவிட லேசு” என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் முதல் இரண்டு வாரம் அவர்தான் தினமும் மாட்டிவிட்டார்.

தை பிறந்தது. மேடையில் பெரியக்கா தாம்பாளத்தில் கால் வைத்தார். புடைப்பு பெருமளவு வடிந்திருந்தது. ஆனால் பழுப்புத் தழும்பு அப்படியே இருந்தது. கணுக்காலைச் சுற்றியிருந்த ஊதாக் கோடுகளும் இருந்தன. வீடியோக்காரர் விளக்கைப் பிடித்தார். மகள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். தழும்பு இருந்த இடத்தில் மட்டும் கையை மெதுவாக வைத்தாள், வலிக்குமோ என்று. “வலிக்கல, நல்லா தேய்” என்று பெரியக்கா சொன்னது மைக்கில் கேட்டு, பந்தலே சிரித்தது.

வரப்பில் கேட்ட கேள்விகள்

மாசியில் உளுந்து பறிக்கும்போது, டீ குடிக்க வரப்பில் உட்கார்ந்த நேரம் பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா சொன்னதைப் பெரியக்கா அப்படியே சொன்னார்.

“எனக்கும் கோடு கோடா இருக்குக்கா. வலியே இல்ல. காட்டணுமா?”

“மெல்லிசுக் கோடு மட்டும்னா ஆபத்து கிடையாது. வேணும்னா ஊசி போட்டுக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். ஆனா கால் கனம், சாயங்காலம் வீக்கம், அரிப்பு, தோல் கருக்கறது இருந்தா நிக்க வச்சு ஸ்கேன் எடுக்கணும்.”

“மாசமா இருக்கும்போது வந்தா?”

“அப்ப ஊசி கூடாது. குழந்தை பொறந்த சில மாசத்துல நிறைய பேருக்குத் தானா குறைஞ்சிடும். அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.”

“எண்ணெய், கிரீம் தேய்ச்சாப் போகாதா?”

“மேல தடவுறது எதுவும் குழாயை மூடாது.”

“ஊசி போட்டா திரும்ப வராதுதானே?”

“மூடினது மூடினதுதான், ரொம்பத் திரும்பாது. ஆனா புதுசா வேற இடத்துல வரலாம். தோல் மேல லேசர் அடிக்கிறேன்னு சொன்னா, நம்ம கருப்புத் தோல்ல தழும்பு விழுமான்னு கேட்டுட்டுத்தான் ஒத்துக்கணும்.”

“காலுறை நானும் வாங்கிக்கட்டுமா?”

“சர்க்கரை இருந்தாலோ, காலுக்குப் போற ரத்த ஓட்டம் குறைவா இருந்தாலோ டாக்டரைக் கேக்காம போடாத. சேத்துல இறங்கும்போது கழட்டிடணும். அரை மணிக்கு ஒருவாட்டி வரப்புல ஏறிக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. பம்ப் வேலை செய்யும். ராத்திரி காலுக்குத் தலகாணி வச்சுத் தூக்கிப் படு.”

கூட்டத்தில் மூத்த பெண்மணி ஒருவர், கால் நரம்பு கிழிந்து ரத்தம் பீறிட்டுத் தன் அக்கா பயந்துபோன கதையைச் சொன்னார். அதற்கும் பெரியக்காவிடம் பதில் இருந்தது. “உடனே படுக்க வச்சு, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி, சுத்தமான துணியால அழுத்திப் பிடிக்கணும். பத்து நிமிஷம் விடக் கூடாது. அப்புறம் ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சாலும், கூடவே மூச்சு வாங்கினாலும் ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. அது ரத்தக்கட்டா இருக்கும்.”

செலவைப் பற்றியும் கேட்டார்கள். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனால், எந்த வைத்தியம் திட்டத்தில் சேரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே சொல்லிவிடுவார்கள். அழகுக்காக மட்டும் போடும் ஊசி பெரும்பாலும் காப்பீட்டில் வராது, கைக்காசுதான்.

பங்குனியில் பெரியக்கா மறுபடி டாக்டரம்மாவிடம் போனார். நிற்க வைத்து ஸ்கேன் பார்த்தார்கள். மேலே கசிவு இல்லை. கணுக்காலில் மிச்சமிருந்த ஊதாக் கோடுகளுக்கு இனி ஊசி போடலாம் என்றார்கள். அதற்கு வேண்டிய பணத்தை உளுந்து பறித்த கூலியில் ஒதுக்கி வைத்திருந்தார்.

புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். “அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே பெரியக்கா. இனிமே யார் பார்க்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேன்ல” என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா பஸ்ஸுக்கு நடந்தார்.

இந்த வருஷக் குறுவை நடவில் அவர் உள்ளே பேன்ட் போடவில்லை. மற்றவர்களைப்போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். “இப்ப அட்டை கடிக்கலையா பெரியக்கா?” என்று ஒருத்தி சீண்டினாள். “கடிக்குதுதான். கடிச்சிட்டுப் போகட்டும்” என்றார்.